ஊடு உங்களுது, படம் யாருது?

கல்யாணப் படம் எடுக்கிறவர்களிடம் எந்த மாப்பிள்ளையும் வந்து, "இந்த மூக்கை வடிவமைத்தவர் பெயரையும் கீழே போடுங்கள்" என்று கேட்பதில்லை. கட்டடங்களைப் படம் எடுக்கிற எங்களுக்கு அந்த நிம்மதி கிடையாது. ஒரு வீட்டைப் படம் எடுத்துவிட்டு வெளியே வந்தால், அந்தப் படம் வீட்டுக்காரருடையது, வரைந்த ஆர்க்கிடெக்டுடையது, கட்டிய மேஸ்திரியுடையது, கதவு செய்த ஆசாரியுடையது, பெயின்ட் கடைக்காரருடையது. கேமராவைப் பிடித்தவருக்கு ஒரு டீ சொல்வார்கள். நீங்கள் போட்ட கோலத்தை யாரோ ஒருவர் தன் ஸ்டேட்டஸில் தன் கோலமாக வைத்ததை நீங்கள் பார்த்திருந்தால், நீங்கள் சொன்ன நகைச்சுவையை அடுத்த மேசைக்காரர் சொல்லிச் சிரிப்பு வாங்கியிருந்தால், நீங்களும் எங்கள் ஜாதிதான். தைரியமாகத் தொடர்ந்து படிக்கலாம்.

நான் இருப்பது சேலம் அஸ்தம்பட்டியில். முதலில் ஜவுளிக் கடைகளுக்குச் சேலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். சேலை கசங்கும், கட்டியிருக்கும் பெண் தும்முவாள், கடை முதலாளி ரோஜா நிறத்தைப் பார்த்து இது வெங்காய நிறம் என்பார். கட்டடம் அசையாது, வாய் திறக்காது என்று நம்பி இந்தப் பக்கம் வந்தேன். கட்டடம் உண்மையிலேயே வாய் திறக்கவில்லை. அதைச் சுற்றி இருந்தவர்கள் பேசியதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். இதில் அடிக்கடி வருகிற கலைவாணி ஒரு ஆர்க்கிடெக்ட். என் வயதுதான். என்னை நம்பி முதலில் வேலை கொடுத்தவர் அவர். என்னோடு அதிகம் சண்டை போட்டவரும் அவரே.

வாசற்படியில் செருப்பு

கலைவாணிக்காக நான் எடுத்த முதல் வீடு நாமக்கல்லில், லாரி வைத்துத் தொழில் செய்கிற ஒரு குடும்பத்துடையது. விடிந்தும் விடியாததுமாகப் போய்விட்டோம். கேமராவை நான் வெளியே எடுப்பதற்குள் கலைவாணி வீட்டைக் காலி செய்ய ஆரம்பித்தார். பிளாஸ்டிக் நாற்காலி, துணிக்கொடி, தண்ணீர்க் குடம், காலண்டர், திருஷ்டிப் பூசணிக்காய் எல்லாம் ஒவ்வொன்றாகப் பின்கட்டுக்குப் போயின. வீட்டுக்கார அம்மா ஈஸ்வரி, தன் சாமான்கள் ஊர்வலம் போவதை இடுப்பில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

கலைவாணி மாடி ஜன்னலின் திரையைச் சரி செய்யப் போன நேரத்தில், ஈஸ்வரி செடிகளுக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வந்தார். செருப்பை வாசற்படியில் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனார். ஒன்று நேராகவும் மற்றது கவிழ்ந்தும் கிடந்தது. கிழக்கு வெயில் சரியாக அந்தப் படியில் இறங்கியது. நான் எடுத்துவிட்டேன்.

எல்லாப் படங்களையும் காட்டியபோது கலைவாணி அதைத்தான் நெடுநேரம் பார்த்தார். இருப்பதில் இதுதான் நல்ல படம், ஆனால் செருப்பு என் வரைபடத்தில் இல்லை, இதைப் பயன்படுத்த முடியாது என்றார். படம் எடுத்தவள் நான், எது நல்ல படம் என்று நான் சொல்லக் கூடாதா என்று கேட்டேன். வீட்டை வரைந்தவள் நான், எது வீடு என்று நான் சொல்லக் கூடாதா என்று அவர் கேட்டார். இருவரும் மரியாதையாகத்தான் பேசினோம்; ஆனால் கொண்டுவந்து வைத்த காபி ஏடு கட்டிவிட்டது. பின்னால் நின்று எட்டிப் பார்த்த ஈஸ்வரி, செருப்புப் படத்தைக் காட்டி, கூடத்தில் மாட்ட அதுவே வேண்டும் என்றார். ஏன் என்று கலைவாணி கேட்டார்.

"செருப்புக் கெடந்தாத்தானுங்க உள்ள ஆளிருக்கறது தெரியும். மத்த படமெல்லாம் வாடகைக்கு உடறதுக்கு எடுத்த மாதிரி இருக்குது."

எதிர் மாடி

அஸ்தம்பட்டியில், ஏற்காடு போகிற சாலையை ஒட்டி, கலைவாணி வரைந்த ஓர் அலுவலகக் கட்டடம் இருக்கிறது. தரையில் எங்கே நின்றாலும் கேபிள் கம்பியும் டியூஷன் போர்டுகளும் குறுக்கே வந்தன. சுற்றிச் சுற்றி வந்து, எதிரே இருந்த கிளினிக்கின் மொட்டைமாடியில் ஒரு மூலையைக் கண்டுபிடித்தேன். அங்கிருந்து பார்த்தால் கட்டடம் முழுதாகத் தெரியும், அதன் தோளுக்கு மேல் மலையும் தெரியும். மழை விட்ட ஒரு மாலையில் எடுத்தேன். எனக்கே பெருமையாக இருந்தது. வேறு யாருக்கும் இந்த இடம் தோன்றாது என்று வீட்டில் எல்லாரிடமும் சொன்னேன்.

கொஞ்ச நாளில் அதே படம் செல்வத்தின் இணையப் பக்கத்தில் வந்தது. செல்வம் என்னைப் போலவே கட்டடம் எடுக்கிறவர். எங்களுக்குள் பகை ஒன்றும் இல்லை. ஆனால் அதே மூலை, அதே மலை, அதே ஈரம். போன் செய்தேன். உங்கள் படத்தை நான் பார்க்கவே இல்லை, தானாகத் தேடிக் கண்டுபிடித்தேன் என்று சத்தியம் செய்தார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. கடைசியில் இரண்டு பேரும் அந்த மாடிக்கே போவது என்று முடிவானது. அங்கே கிளினிக்கில் வேலை செய்யும் ஒரு அம்மா படுக்கை விரிப்புகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். எங்களுடைய வழக்கை அவரிடமே வைத்தோம். அவர் ஒரு கிளிப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு, படம் எடுக்க வருகிற எல்லாருமே அங்கேதான் நிற்கிறார்கள் என்றார்.

"அந்த மூலையில மட்டுந்தான் தண்ணித் தொட்டி மறைக்காது, மேடம். வேற எங்க நின்னாலும் தொட்டியத்தான் எடுக்கணும்."

அனுமதி இல்லை

சேலம் பைபாஸ் பக்கம் புதிதாக ஒரு கல்யாண மண்டபம் வந்தது. முகப்பு நன்றாக இருந்தது. வெளியே சாலையோரம் கேமரா முக்காலியை நிறுத்தினேன். காவலாளி ஓடி வந்து, படம் எடுக்கக் கூடாது, முதலாளி உத்தரவு என்றார். பொது இடத்திலிருந்து எடுக்கிறேன் என்றேன். இடம் உங்களுடையதாக இருக்கலாம், முகப்பு எங்களுடையது என்றார். அவருக்குப் பின்னால், ஒரு கல்யாணக் கூட்டமே அந்த முகப்பின் முன் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் மாமா தூணைக் கட்டிப்பிடித்து எடுத்துக்கொண்டார். அவர்களை ஏன் விடுகிறீர்கள் என்று கேட்டேன். அவர் திரும்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கோபமில்லாமல் விளக்கினார்.

"அவங்க அவங்களையே எடுத்துக்கறாங்க. நீங்க ஒருத்தருதான் கட்டடத்த எடுக்கறீங்க."

மரம் இல்லாத நிழல்

ராசிபுரத்தில் கலைவாணி ஒரு வீடு கட்டினார். முன்சுவர் முழுக்க வெள்ளை, ஒரு கோடுகூடக் கிடையாது. பக்கத்து வீட்டில் ஒரு வேப்பமரம் இருந்தது. காலையில் அதன் நிழல் அந்த வெள்ளைச் சுவரில் வந்து பரவும். நான் அந்த நேரத்துக்காகக் காத்திருந்து எடுத்தேன். அந்தப் படம் பலபேர் கைக்குப் போயிற்று. சில மாதம் கழித்துக் கலைவாணி போன் செய்தார். குரலில் சத்தம் இல்லை. அவருக்குக் கோபம் வந்தால் அப்படித்தான். நாமக்கல் பக்கம் ஒருவர் தன் வீட்டை அப்படியே கட்டியிருக்கிறாராம், நீங்கள் படத்தை வெளியிட்டதால் வந்த வினை, கூட வாருங்கள் என்றார்.

வீட்டுக்காரர் நல்லசிவம், கோழிப்பண்ணை வைத்திருப்பவர். எங்களைச் சம்பந்தி வீட்டாரைப் போல வரவேற்றார். நெட்டில் பார்த்த படத்தைக் காட்டித்தான் கட்டச் சொன்னேன் என்று மறைக்காமல் சொன்னார். இளநீர் வெட்டச் சொன்னார். இப்படி ஒருவரிடம் எப்படிச் சண்டையைத் தொடங்குவது என்று கலைவாணிக்குத் தெரியவில்லை. நாங்கள் வீட்டைச் சுற்றி வந்தோம். என் படத்தில் தெரிந்த வரைக்கும் அது கலைவாணியின் வீடு. படத்தின் ஓரம் எங்கே முடிந்ததோ, அந்த இடத்திலிருந்து சுவர் வேறு நிறம், ஜன்னல் வேறு மாதிரி, மேலே வாத்து வடிவில் ஒரு தண்ணீர்த் தொட்டி. கலைவாணி என் காதருகே வந்து, என் வீட்டைத் திருடியிருந்தால் கேஸ் போடலாம், இவர் உங்கள் படத்தை அல்லவா கட்டியிருக்கிறார் என்றார்.

அதன் பிறகுதான் முன்சுவரைச் சரியாகப் பார்த்தேன். வெள்ளைச் சுவரில் வேப்பமர நிழல் விழுந்திருந்தது. வானம் மூடியிருந்தது, பக்கத்தில் மரமும் இல்லை. கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்தேன். சாம்பல் நிறப் பெயின்ட். கிளை கிளையாக, இலை இலையாக, பெயின்டர் படத்தைப் பார்த்து வரைந்திருக்கிறார். அந்த நிழல் நான் வரைந்ததல்ல என்றார் கலைவாணி. நான் காத்திருந்து எடுத்தது என்றேன் நான். மரம் ராசிபுரத்தில் யாருடையதோ. நிழல் அங்கே வெயிலால் வந்தது என்று நல்லசிவத்திடம் மெதுவாக எடுத்துச் சொன்னேன். அவர் கொஞ்சமும் கலங்கவில்லை.

"மரம் நட்டு, அது வளந்து, நெழல் உழுகறதுக்கு எத்தன வருசம் ஆகுமுங்க? இப்ப ஒரே நாள்ல உழுந்துருச்சு பாருங்க."

தறிக்கூடத்து வெளிச்சம்

இது ஜலகண்டாபுரத்தில். வீடு ஒன்றைப் படம் எடுக்கப் போன இடத்தில், தெருவில் ஒரு விசைத்தறிக் கூடத்தின் கதவு திறந்திருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். கூரையில் பதித்த கண்ணாடி ஓடுகள் வழியாக வெளிச்சம் தூண் தூணாக இறங்கிக்கொண்டிருந்தது. பஞ்சுத் தூசி அந்த வெளிச்சத்தில் மிதந்தது. கூடத்துக்காரி சரோஜாவிடம் கேட்டுக்கொண்டு சில படங்கள் எடுத்தேன். அதில் ஒன்று சேலத்தில் நடந்த ஒரு கண்காட்சியில் பெரிதாக மாட்டப்பட்டது. சரோஜாவும் கணவரோடு வந்து பார்த்தார். இது நம்ம கூடமா என்று கணவரை இரண்டு முறை கேட்டார். கீழே என் பெயர் மட்டும் இருந்தது. யார் கட்டிய கூடம் என்று எனக்குத் தெரியாது. சரோஜாவுக்கும் தெரியவில்லை, மாமனார் காலத்தில் வந்தது என்றார். அவர் பெயரையாவது போடலாம் என்று நான் சொல்ல, பேரெல்லாம் எதுக்குங்க, தறி தெரியுதே போதும் என்றுவிட்டார்.

அந்த ஒரு படத்தை வைத்துத் தொடராக எடுக்கலாம் என்று ஆசை வந்தது. மறுபடி போனேன். கூடத்தில் வெளிச்சம் இருந்தது, தூண் இல்லை. எல்லாம் சாதாரணமாக, பளிச்சென்று இருந்தது. சுவரில் புதிதாகப் பெரிய எக்ஸாஸ்ட் விசிறிகள் தூசியை வெளியே தள்ளிக்கொண்டிருந்தன. டாக்டர் சொல்லிப் போட்டதாம். நல்ல காரியம் செய்தீர்கள் என்று சொன்னேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன், ஆனால் கண் கூரையையே தேடிக்கொண்டிருந்தது. சரோஜா அதைக் கவனித்துவிட்டார். தறிச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி, சிரித்தபடி சொன்னார்.

"ஒரு நாளைக்கு வேணும்னா ஃபேன நிறுத்தறேனுங்க. அப்பத்தான் உங்களுக்கு வெளிச்சம் வரும். எங்களுக்கு இருமல் வரும்."

ஏற்கெனவே எடுத்த படம்

போன வருடம் ஓர் இளைஞர் என் வீட்டுக்கு வந்தார். புதிதாகத் தொழில் தொடங்கிய இன்ஜினியர், திருச்செங்கோட்டுக்காரர். போனில் ஒரு வீட்டுப் படத்தைக் காட்டினார். தாழ்வான கோணம், தண்ணீர் தெளித்த தரை, அதில் வீட்டின் பிரதிபலிப்பு, சூரியன் வருவதற்கு முந்தைய நீல வெளிச்சம். இதை நான் எப்போது எடுத்தேன் என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. நீங்கள் எடுக்கவில்லை, கம்ப்யூட்டரில் ஏ.ஐ. செய்தது, உங்கள் ஸ்டைலில் வேண்டும் என்று கேட்டேன், கொடுத்துவிட்டது என்றார். மரியாதை செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். அவர் முகத்தில் அது தெரிந்தது.

தரையில் தண்ணீர் தெளிப்பதை நான் ஸ்டைலுக்காக ஆரம்பிக்கவில்லை. சிமென்ட் தூசி பறந்து லென்ஸில் ஒட்டுகிறதே என்று ஆரம்பித்தது. வெயில் ஏறினால் வீட்டுக்காரர்கள் நடமாட ஆரம்பித்துவிடுவார்கள், அதனால் விடியற்காலை. எனக்கு வாய்த்த தொல்லைகளையெல்லாம் சேர்த்து ஒரு மெஷின் ஸ்டைல் என்று பெயர் வைத்திருந்தது. அந்தப் படத்தில் தூசியும் இல்லை, தொல்லையும் இல்லை. பிறகு, படம்தான் இருக்கிறதே, என்னிடம் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டேன். வீடு இப்போதுதான் கட்டி முடிந்திருக்கிறதாம். வீட்டுக்காரர் இந்தப் படத்தைப் பார்த்துத்தான் வேலையே கொடுத்தாராம்.

"படம் ஏற்கெனவே ரெடிங்க மேடம். கட்டி முடிச்ச ஊட்டத்தான் அது மாதிரியே தெரியற மாதிரி நீங்க எடுத்துத் தரோணும்."

காணாமல் போன ஓட்டு வீடு

சேந்தமங்கலத்தில், கொல்லிமலை கண்ணுக்கு எதிரே நிற்கிற ஓரிடத்தில், அண்ணன் கந்தசாமியும் தம்பி துரைசாமியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். அண்ணன் மாடி வைத்துப் புது வீடு கட்டினார். தம்பிக்குப் பழைய ஓட்டு வீடு. பாகம் பிரித்தபோது கொஞ்சம் மனத்தாங்கல் இருந்தது, ஆனால் பேச்சு நிற்கவில்லை. அண்ணன் வீட்டை வரைந்த இன்ஜினியர் ஒருவர் என்னைப் படம் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். புது வீடு நடுவில், இடது ஓரத்தில் தம்பியின் ஓட்டு வீடு, பின்னால் மலை. ஓட்டு வீடு இருந்ததால்தான் மாடி வீட்டின் உயரமே தெரிந்தது.

புதுமனைப் புகுவிழாவுக்கு அந்தப் படத்தை ஃபிளெக்ஸ் போர்டாக அடித்து வாசலில் வைத்தார்கள். நான் விழாவுக்குப் போகவில்லை. சில நாள் கழித்துத் துரைசாமி சேலத்துக்குப் பஸ் ஏறி, விசாரித்து விசாரித்து என் வீட்டுக்கு வந்தார். வெள்ளை வேட்டி, கையில் போன். தண்ணீர் கொடுத்ததைக் குடித்துவிட்டு, போனில் அந்த போர்டைக் காட்டினார். ஓட்டு வீட்டைக் காணவில்லை. அந்த இடத்தில் பச்சைப் புல்வெளி இருந்தது, புல்வெளியில் ஒரு குடை நாற்காலியும் இருந்தது. கீழ் ஓரத்தில் சின்ன எழுத்தில், படம் என்று போட்டு என் பெயர். அதைப் பார்த்துத்தான் வந்திருக்கிறார். விழாவில் சாப்பிடாமல் வீடு திரும்பிவிட்டாராம். அவர் கோபப்படவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: என் வீட்டை அண்ணன் நீக்கச் சொன்னாரா, நீங்களாக நீக்கினீர்களா?

நான் அவரை உள்ளே கூப்பிட்டு, கம்ப்யூட்டரில் நான் எடுத்த படத்தைத் திறந்து காட்டினேன். ஓரத்தில் அவர் வீடு அப்படியே இருந்தது. ஓட்டின் மேல் காயப்போட்ட மிளகாய்கூடத் தெரிந்தது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். நான் இன்ஜினியருக்குப் போன் செய்தேன். யாரும் சொல்லவில்லை, அந்த ஓட்டு வீடு நம் டிசைனில் இல்லையே, ஆபீஸில் பையன்கள் கிளீன் செய்தார்கள் என்றார். அப்படியானால் அதில் என் பெயர் எதற்கு என்று கேட்டேன். நீங்கள்தானே எடுத்தீர்கள், பெயர் போடாமல் விட்டால்தான் கோபித்துக்கொள்வீர்கள் என்று நினைத்தேன் என்றார். வீட்டுப் படங்களில் என் பெயரை யாரும் போடுவதில்லை என்று இத்தனை வருடம் புலம்பியவள் நான். அன்றைக்குத்தான் முதல் தடவையாக, என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன்.

கந்தசாமிக்கும் போன் போட்டேன். அவருக்கு விஷயமே தெரியவில்லை. தம்பி ஏன் சாப்பிடாமல் போனான் என்று வீட்டில் எல்லாரும் குழம்பிக்கொண்டிருந்தார்களாம். போர்டை நீங்கள் பார்க்கவில்லையா என்று கேட்டேன். நான் என் வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன் அம்மணி, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை என்றார்.

எடுத்தபடியே உள்ள படத்தைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு நானே சேந்தமங்கலத்துக்குக் கொண்டுபோனேன். வாசலில் போர்டு இல்லை, கழற்றிவிட்டார்கள். கந்தசாமி படத்தை என் கையிலிருந்து வாங்கினார். தன் வீட்டுக்குள் கொண்டுபோகாமல், நேராகத் தம்பி வீட்டுக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. இரண்டு பேரும் படத்தைத்தான் பார்த்தார்கள். ஆணி எங்கே அடிப்பது என்று அண்ணன் கேட்டார். தம்பி சுவரைக் காட்டினார். சுத்தியலைத் தேடி எடுத்துவந்த தம்பியின் மனைவி எல்லாரையும் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். சோறு போடும்போது துரைசாமி என் பக்கம் திரும்பி, அண்ணனுக்குக் கேட்கும்படி சொன்னார்.

"படத்துல காணம்னதும் எனக்கே ஒரு நிமிசம் சந்தேகம் வந்துருச்சுங்க, நெசமாவே அங்க எங்கூடு இருக்குதான்னு."

திறந்த முற்றம்

ஆத்தூரில் ஒரு டாக்டருக்காகக் கலைவாணி வீடும் கிளினிக்குமாகச் சேர்த்து ஒன்று கட்டியிருந்தார். அவர் கட்டியதிலேயே அவருக்குப் பிடித்தது அது. நடுவே மேலே எதுவும் இல்லாத முற்றம். மழை நேராக உள்ளே விழும். கட்டி முடித்த புதிதில் நான் எடுத்த படத்தில், முற்றத்தின் தரையில் வானம் ஒரு சதுரமாகக் கிடக்கும். அண்மையில் ஒரு விருதுக்குத் தன் வேலைகளை அனுப்ப நினைத்த கலைவாணி, முற்றத்தைப் புதிதாக இன்னொரு முறை எடுக்கலாம் என்று என்னை அழைத்துப் போனார்.

உள்ளே நுழைந்ததும் நின்றுவிட்டார். முற்றத்துக்கு மேல் தகரக் கூரை போட்டிருந்தது. ஓரங்களில் கம்பி வலை. டாக்டர் வெளியே வந்து, தயங்கித் தயங்கிக் காரணம் சொன்னார். குரங்குகள் இறங்கி மாத்திரைகளைத் தூக்கிக்கொண்டு போகின்றன, மழைக்காலத்தில் நோயாளிகள் நனைகிறார்கள், உங்களைக் கேட்டுச் செய்திருக்க வேண்டும், வருத்தப்படுவீர்கள் என்று கேட்கவில்லை என்றார். கலைவாணி பரவாயில்லை என்றார். பிறகு வெளியே போய், காருக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் தனியாக நின்றார். நான் அவரிடம் போகவில்லை. முற்றத்துக்குள் போனேன்.

முன்பு வானம் கிடந்த இடத்தில் பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். காய்ச்சல் குழந்தையை மடியில் போட்டு ஒரு பெண், டோக்கனை விசிறியாக்கி வீசிக்கொண்டு ஒரு பெரியவர், கம்பி வலைக்கு அப்பால் உட்கார்ந்து எல்லாரையும் கவனித்துக்கொண்டு ஒரு குரங்கு. கேட்டுக்கொண்டு ஒரு படம் எடுத்தேன்.

திரும்பி வரும் வழியில் கலைவாணி, விருதுக்குப் பழைய படத்தையே அனுப்பிவிடலாம் என்றார். இப்போது அப்படி இல்லையே என்றேன். கட்டும்போது அப்படித்தான் இருந்தது என்றார். படம் என்னுடையது, பார்ப்பவர்கள் இன்றைக்கும் அப்படி இருக்கிறது என்று நினைத்தால் பொய் சொன்னது நானாகத்தான் ஆவேன் என்றேன். முற்றம் என்னுடையது, அது போனதை ஊருக்கெல்லாம் காட்ட வேண்டியது நானா என்றார். வாழப்பாடி வந்தது. அங்கே ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். நான் கேமராவின் திரையில் புதிய படத்தைத் திறந்து அவரிடம் நீட்டினேன். வாங்கி, வெயில் படாமல் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தார். குழந்தையைப் பெரிதாக்கிப் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார். குரங்கைப் பார்த்ததும் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்தது. டீ வந்ததும் கேமராவைத் திருப்பிக் கொடுத்தார்.

"ரெண்டையும் அனுப்பலாம். ஒண்ணு நான் கட்டினது; இன்னொண்ணு, அதுல அவங்க இருக்கறது."

இத்தனை வருடத்தில் எனக்கே எனக்கென்று சம்பாதித்தது, வெயிலில் நின்று நின்று சட்டைக் காலருக்கு மேல் பிடரியில் ஏறிய கறுப்பு ஒன்றுதான், அதற்கு மட்டும் இதுவரை யாரும் உரிமை கேட்டு வரவில்லை.